என் கைக்கு ஒரு கன்ட்ரோலர் வேண்டும்

ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் விலை. நாள்தோறும் இரண்டு கைகளாலும் பிடித்திருக்க வேண்டிய பொருள். ஆனால் வாங்குவதற்கு முன் ஒருமுறைகூட அதைக் கையில் பிடித்துப் பார்க்க முடியாது. வீடியோ கேம் கன்ட்ரோலர் வாங்குபவர்கள் இந்த அநியாயத்தைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறோம் என்று எனக்கு உண்மையாகவே புரியவில்லை. கன்ட்ரோலர் பற்றிய பேச்சு முழுக்க பேட்டரி எத்தனை மணி நேரம் வரும், எந்த நிறம், எந்தக் கணினியோடு இணையும் என்பதிலேயே முடிந்துவிடுகிறது. கைக்கு இதமாக இருக்குமா என்ற கேள்விக்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை.

எனக்கு அந்த ஒரு கேள்விதான் முக்கியம். என் கை சிறியது. மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை 16 சென்டிமீட்டர். அதோடு, மகள் பிறந்த பிறகு வலது மணிக்கட்டில் ஒரு வலி வந்தது. கட்டைவிரலை விரிக்கவும் நிமிர்த்தவும் உதவும் இரண்டு தசைநாண்கள், மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குறுகலான உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை தடித்துப்போனால் தசைநாண் உரசி வலிக்கும். ஃபிரிட்ஸ் டி குவெர்வெய்ன் என்ற சுவிஸ் மருத்துவர் 1895-இல் விவரித்த நோய் இது. அவர் பெயராலேயே இன்றும் அழைக்கிறார்கள். கைக்குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கித் தூக்கி வைக்கும் தாய்மார்களுக்கு இது சாதாரணமாக வரும். மருத்துவர் என் கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் மூடச் சொல்லி, முஷ்டியைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. அசையாமல் இருக்கக் கட்டை வைத்துக் கட்டினார்கள். இப்போது மகள் பள்ளிக்குப் போகிறாள். வலி பெரும்பாலும் போய்விட்டது. கட்டைவிரலை அதிகமாக நீட்டிப் பிடித்தால் மட்டும் திரும்பி வருகிறது.

கன்ட்ரோலர் என் கட்டைவிரலிடம் கேட்பது அந்த ஒன்றைத்தான்.

நாள் முழுவதும் ஆடிட்டர் அலுவலகத்தில் எண்களோடு இருக்கிறேன். இரவு மகள் தூங்கிய பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரம் எனக்கே எனக்கானது. அந்த நேரத்தில் பெரிய நிலப்பரப்பில் குதிரையேறிச் சுற்றித் திரிவது போன்ற விளையாட்டுகள் எனக்குப் பிடிக்கும். அந்த மகிழ்ச்சியைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். கன்ட்ரோலரைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கியதும் அதற்காகத்தான்.

சென்னையில் இருப்பவர்கள் இப்படிப்பட்ட பொருளுக்கு முதலில் போகும் இடம், மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு. அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்து போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் கன்ட்ரோலர் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. ஒன்றைக் காட்டிப் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"பெட்டியைத் திறந்தால் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும், மேடம்."

"என் கை சிறியது. பொருந்துமா என்று தெரிய வேண்டும்."

"ஜாய்ஸ்டிக்கில் எல்லாம் ஒரே சைஸ்தான். சின்னப் பையன்களே வாங்கிப் போகிறார்கள்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். சீல் உடைந்த பெட்டியை அடுத்த வாடிக்கையாளர் முழு விலைக்கு வாங்கமாட்டார். மொத்த வியாபாரியும் திரும்ப எடுத்துக்கொள்ளமாட்டார். அந்த நட்டத்தை ஒரு சிறு கடைக்காரர் ஏன் சுமக்க வேண்டும்? செய்து அனுப்பும் நிறுவனங்கள்தான் கடைக்கு ஒரு மாதிரிப் பொருளைச் சேர்த்து அனுப்ப வேண்டும்.

பெரிய வணிக வளாகங்களில் சில கடைகள் கன்ட்ரோலரைக் காட்சிக்கு வைத்திருக்கின்றன. அங்கே வேறொரு சிக்கல். திருட்டுக்குப் பயந்து கன்ட்ரோலரின் முதுகில் ஒரு பிளாஸ்டிக் கட்டையைத் திருகி, அதிலிருந்து சுருள் கம்பியை மேசையோடு இணைத்திருக்கிறார்கள். இரண்டு நடுவிரல்களும் படிய வேண்டிய இடத்தில் சரியாக அந்தக் கட்டை வந்து முட்டுகிறது. கம்பி வேறு கீழே இழுக்கிறது. அப்படிப் பிடித்துப் பார்ப்பதால் எடையும் தெரிவதில்லை, பிடியும் தெரிவதில்லை.

வளையல் கடையில் கையை நீட்டினால், விற்கும் அம்மா விரல் முட்டிகளை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு 2-4 என்றோ 2-6 என்றோ சொல்லிவிடுவார். 2-4 என்றால் உள்விட்டம் இரண்டே கால் அங்குலம். 2-6 என்றால் அதைவிட அரைக்கால் அங்குலம் கூடுதல். ஒரு டஜன் கண்ணாடி வளையலுக்கே இவ்வளவு நுணுக்கமாக அளவு வைத்திருக்கிறோம். கன்ட்ரோலருக்கு அளவு என்ற பேச்சே இல்லை. பெட்டியில் போட்டிருப்பது வேறு வகை எண்கள். சோனியின் டூயல்சென்ஸ் கன்ட்ரோலர் 160 மில்லிமீட்டர் அகலம், 106 மில்லிமீட்டர் நீளம், 66 மில்லிமீட்டர் உயரம், எடை சுமார் 280 கிராம். இந்த எண்கள் பொய்யில்லை. அலமாரியில் இடம் ஒதுக்க உதவும். என் உள்ளங்கை கைப்பிடியில் உட்கார்ந்தபின் கட்டைவிரல் திசை திருப்பும் குமிழான ஸ்டிக்கை எட்டுமா, ஆள்காட்டி விரல் முன்பக்கம் இழுக்கும் பட்டனான டிரிக்கரின் நடுவுக்குப் போகுமா, விளிம்பிலேயே நின்றுவிடுமா என்பதை அவற்றை வைத்துச் சொல்ல முடியாது.

இந்தத் துறைக்குக் கையைப் பற்றிய அக்கறை ஒருபோதும் இருந்ததில்லை என்று சொல்லிவிட முடியாது. ஜப்பானிய விளையாட்டு நிறுவனமான நிண்டெண்டோவின் கும்பெய் யோகோய் 1982-இல் டாங்கி காங் கையடக்க விளையாட்டுக்காக ஒரு சிலுவை வடிவப் பட்டனைக் கொண்டு வந்தார். நான்கு திசைகளுக்கும் கட்டைவிரலை எடுத்து வைக்க வேண்டியதில்லை, இருந்த இடத்தில் சாய்த்தால் போதும். இன்றைய கன்ட்ரோலர்களில் இருக்கும் டி-பேட் என்ற திசைப் பட்டன் அதிலிருந்து வந்ததுதான். ஆனால் அடுத்த வருடம் வந்த நிண்டெண்டோவின் டிவி கேம் கருவியான ஃபேமிகாமின் கன்ட்ரோலர் தட்டையான செவ்வகம். தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் கேசட்டோடு விற்ற மலிவு டிவி கேம்கள் அதன் நகல்கள். தம்பியும் நானும் கோடை விடுமுறை முழுவதும் அதில் விளையாடுவோம். செவ்வகத்தின் முனை உள்ளங்கையின் அடிப்பகுதியில் குத்திச் சிவப்பாகத் தடம் பதித்திருக்கும். அந்த வயதில் அது வலியாகத் தெரியவில்லை.

1994-இல் சோனியின் பிளேஸ்டேஷனுக்காக டெய்யு கோட்டோ வடிவமைத்த கன்ட்ரோலரில்தான் உள்ளங்கைக்குப் பிடிமானமாக இரண்டு கைப்பிடிகள் தெளிவாக வந்தன. அப்புறம் 2001-இல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ். அதோடு வந்த கன்ட்ரோலர் அளவுக்கு மீறிப் பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள். 'டியூக்' என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. ஜப்பானில் விற்பதற்காகச் சிறிய கன்ட்ரோலர் ஒன்றைத் தனியாகச் செய்தார்கள். பிறகு மற்ற நாடுகளுக்கும் அந்தச் சிறியதையே வழக்கமான கன்ட்ரோலராக ஆக்கிவிட்டார்கள். இந்தச் செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும். சிறிய கைகளுக்காகச் செய்தது பெரிய கைகளுக்கும் உவப்பாக இருந்திருக்கிறது. ஒரு சிறுபான்மைக்காகச் செய்தோம் என்று யாரும் வருத்தப்படவில்லை.

2020-இல் இரண்டு நிறுவனங்களும் எதிரெதிர்த் திசைகளில் போயின. மைக்ரோசாஃப்ட் தன் கன்ட்ரோலரின் கைப்பிடி, டிரிக்கருக்கு மேலே இருக்கும் பம்பர் பட்டன், டிரிக்கர் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் இழைத்தது. எட்டு வயதுக் குழந்தையின் கை அளவுக்கும் வசதியாக இருக்க வேண்டும் என்று வடிவமைப்பாளர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். சோனியோ 210 கிராம் இருந்த கன்ட்ரோலரை 280 கிராமாக்கியது. நுணுக்கமான அதிர்வுக்கும், டிரிக்கரில் எதிர்விசை கொடுப்பதற்கும் உள்ளே புதிய மோட்டார்கள் வந்தன, உடம்பும் பருத்தது. விளையாட்டில் வில்லின் நாணை இழுக்கும்போது விரலில் அந்த இறுக்கம் தெரிவது அருமையான அனுபவம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த அனுபவத்தின் சுமையைத் தாங்குவது யாருடைய மணிக்கட்டு என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறது. அந்த எதிர்விசையை செட்டிங்ஸுக்குள் போய் நிறுத்திவிட முடியும். எடையை நிறுத்த முடியாது.

விமர்சன வீடியோக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. "கையில் அம்சமாக உட்காருகிறது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்தக் கையில்? பேசுபவர்களில் பெரும்பாலோர் வாட்டசாட்டமான இளைஞர்கள். அவர்கள் விரல் கன்ட்ரோலரைச் சுற்றி வளைந்து மறுபக்கம் வரும்போது என் விரல் பாதியில் நிற்கிறது. வீடியோவின் தொடக்கத்தில் தங்கள் உள்ளங்கைக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோலை ஒரு நொடி வைத்துக் காட்டினால்கூடப் போதும். அதன் பிறகு அவர்கள் சொல்வதை வைத்து நானே கணக்குப் போட்டுக்கொள்வேன்.

இணையத்தில் வாங்கித் திருப்பி அனுப்பலாமே என்பார்கள். செய்து பார்த்தேன். திருப்பி அனுப்பும் காரணம் என்ற பட்டியலில் உடைந்திருக்கிறது, வேலை செய்யவில்லை, வேறு பொருள் வந்துவிட்டது என்பவை இருந்தன. கைக்குப் பொருந்தவில்லை என்பது இல்லை. வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினால், பழுது இருந்தால் மட்டுமே வேறு தருவோம், பணம் திரும்பாது என்றார்கள். பொருளில் பழுதில்லை, அதனால் குறையும் இல்லை என்பது அவர்கள் கணக்கு. அதைத் தம்பியிடம் கொடுத்தேன். அவனுக்குக் கச்சிதமாக இருக்கிறது.

ஆனால் அந்தக் கன்ட்ரோலர் ஒன்றைத் தெளிவாக்கியது. எது என்னை வருத்துகிறது என்று பிரித்துப் பார்க்கத் தம்பி வீட்டில் உட்கார்ந்தபோது, அளவு மட்டும் காரணமில்லை என்று தெரிந்தது. கைப்பிடியின் தடிமன் முக்கியம். தையல்காரர் டேப்பைச் சுற்றிப் பார்த்தால் அதன் சுற்றளவு பன்னிரண்டரை சென்டிமீட்டர். பதினொன்றுக்கு மேல் போனால் என் விரல்கள் முழுதாக மூடுவதில்லை. மூடாத கை நழுவாமல் இருக்க இறுக்கிப் பிடிக்கிறது. அந்த இறுக்கம் நேராகக் கட்டைவிரலின் அடிக்குப் போகிறது. அடுத்தது ஸ்டிக்கின் ஸ்பிரிங். கடினமான ஸ்பிரிங் உள்ள ஸ்டிக்கை முன்னே தள்ளியபடியே அரை மணி நேரம் நடந்தால் அடுத்த நாள் காலையில் பல் துலக்கும்போது தெரியும். எல்லாவற்றையும்விட மோசம், ஓடுவதற்கு ஸ்டிக்கையே உள்ளே அழுத்தச் சொல்வது. கட்டைவிரலை நீட்டி, சாய்த்து, அதே நிலையில் கீழ்நோக்கியும் அழுத்த வேண்டும். என் மருத்துவர் செய்யாதே என்று சொன்ன அசைவுகள் அத்தனையும் அந்த ஒரு பட்டனில் இருக்கின்றன.

சென்னையின் புழுக்கத்துக்கு ரப்பர் பூச்சும் ஆகாது. வழுவழுப்பான ரப்பர் பூச்சுப் போட்ட கைப்பிடிகள் வாங்கும்போது சுகமாக இருக்கும். ஈரப்பதத்தில் அந்தப் பூச்சு மெல்ல மெல்லச் சிதைந்து பிசுபிசுவென்று ஆகிவிடும். துடைத்தால் கறுப்பாகக் கையில் ஒட்டும். சிறு சிறு புள்ளிகள் செதுக்கிய சாதாரண பிளாஸ்டிக்தான் வியர்வையிலும் நழுவாது, வருடங்கள் போனாலும் கெடாது.

விடை பாதி கிடைத்தது நரசிங்கபுரம் தெருவில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பழுதுபார்க்கும் கடையில். பெட்டியே இல்லாத பழைய கன்ட்ரோலர்கள் அங்கே ஒரு தட்டு நிறையக் கிடந்தன. எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "தாராளமாகப் பாருங்கள் அக்கா, அதற்குத்தானே போட்டு வைத்திருக்கிறேன்" என்றார் அந்தக் கடைக்காரத் தம்பி. எத்தனை நேரம் நின்றேனோ தெரியாது. ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணை மூடிப் பிடித்து, டேப்பைச் சுற்றிக் குறித்துக்கொண்டேன். பேசிக்கொண்டே அவர் ஒரு ஸ்டிக்கைக் கழற்றிக் காட்டினார். சிறுவிரல் நகம் அளவுக்கு ஒரு பச்சைப் பெட்டி. அதற்குள் குதிரை லாட வடிவில் ஒரு கறுப்பு கார்பன் பட்டை. அதன்மேல் ஓடும் மெல்லிய உலோக முள். முள் திரும்பத் திரும்ப உரசிய இடத்தில் மயிரிழை போலப் பளபளப்பான தடம் விழுந்திருந்தது. பக்கத்தில் கறுப்புத் தூள். நாம் தொடாதபோதே திரையில் கதாபாத்திரம் தானாக நகரும் கோளாறு அந்தத் தேய்மானத்திலிருந்துதான் வருகிறது. காந்தப்புலத்தை உணரும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கில் உரசல் இல்லை, அதனால் இப்படித் தேய்வதும் இல்லை. 1998-இல் வந்த சேகா நிறுவனத்தின் டிரீம்காஸ்ட் கருவியின் கன்ட்ரோலரிலேயே இந்த முறை இருந்தது. இருபது வருடங்களுக்கு மேல் கழித்து இப்போதுதான் பல கன்ட்ரோலர்கள் அதைப் பெரிய எழுத்தில் போட்டு விற்கின்றன.

அந்தத் தட்டிலிருந்த ஒன்றை எடுத்துக்கொண்டேன். எந்த நிறுவனத்தினுடையது என்று சொல்லப்போவதில்லை. உங்கள் கை எனக்குத் தெரியாது. அளவைச் சொல்கிறேன். கைப்பிடியின் சுற்றளவு பதினொன்றுக்குச் சற்றுக் குறைவு. முதுகில் இரண்டு கூடுதல் பட்டன்கள், மோதிர விரல் இயல்பாகப் படியும் இடத்தில். உள்ளே, சாய்வையும் திருப்பத்தையும் உணரும் ஜைரோ உணரி. இளகிய ஸ்பிரிங் உள்ள ஹால் ஸ்டிக்குகளை அவரே பொருத்திக் கொடுத்தார்.

ஜைரோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வலியைக் குறைத்ததில் பெரும் பங்கு அதற்குத்தான். கன்ட்ரோலரைச் சற்றே சாய்த்தால் திரையில் பார்வை திரும்பும். வலது ஸ்டிக்கைக் கட்டைவிரலால் ஓயாமல் தடவிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கணினியில் ஸ்டீம் என்ற விளையாட்டுத் தளம் வழியாக விளையாடினால், கிட்டத்தட்ட எந்த விளையாட்டாக இருந்தாலும் இதை நாமே அமைத்துக்கொள்ளலாம். ஓடுவதற்கான ஸ்டிக் அழுத்தத்தை முதுகுப் பட்டனுக்கு மாற்றினேன். ஒருமுறை அழுத்தினால் ஓட்டம், மறுமுறை அழுத்தினால் நடை என்றும் வைத்தேன். ஸ்டிக்கைப் பாதி தள்ளினாலே முழு வேகம் கிடைக்கும்படி செய்தேன். டிரிக்கரைத் தொட்ட மாத்திரத்தில் வேலை செய்யும்படி வைத்தேன். இதையெல்லாம் செய்து முடிக்க ஒரு மாலைப்பொழுது போதுமாக இருந்தது. பெட்டியில் வரும் கையேட்டில் இதில் ஒரு வரியாவது இருந்திருக்கலாம்.

மனமிருந்தால் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் 2018-இல் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் சாட்சி. கை அசைவு குறைந்தவர்களையும் அவர்களுக்காக உழைக்கும் அமைப்புகளையும் கலந்து பேசிச் செய்தார்கள். பெரிய பட்டன்கள் இரண்டு. வேண்டிய சுவிட்சுகளைத் தனித்தனியாகச் செருகிக்கொள்ள வரிசையாகத் துளைகள். அதன் பெட்டியைக்கூட வளையங்களில் இழுத்துத் திறக்கும்படி வடிவமைத்தார்கள். 2023 டிசம்பரில் சோனியின் ஆக்சஸ் கன்ட்ரோலரும் வந்தது. மறுபக்கம், ஸ்டிக்கின் இறுக்கத்தை மாற்றும் வசதி எக்ஸ்பாக்ஸ் எலைட் போன்ற விலை உயர்ந்தவற்றில் இருக்கிறது. போட்டியில் ஆடுபவர்களுக்கு என்று சொல்லி விற்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள்தான் அதிகம்: சிறிய கை உள்ள பெண்கள், மூட்டு தேயத் தொடங்கிய ஐம்பது வயதுக்காரர்கள், மணிக்கட்டில் பழைய வலி உள்ளவர்கள். எங்களுக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இருக்கும் கன்ட்ரோலரையே இரண்டு அளவுகளில் செய்தால் போதும். கைப்பிடியின் சுற்றளவு, கைப்பிடியின் முதுகிலிருந்து டிரிக்கரின் நடுப்பகுதி வரை உள்ள தூரம், ஸ்டிக்கைத் தள்ள வேண்டிய விசை ஆகிய மூன்று எண்களையும் பெட்டியில் அச்சிட எந்தச் செலவும் இல்லை.

என் கன்ட்ரோலரில் இன்னும் ஒரு குறை இருக்கிறது. இடது பம்பர் கடினமாக இருக்கிறது; அதன் நடுவில் அழுத்தினால் இறங்குவதில்லை, ஓரத்தில்தான் அழுத்த வேண்டும். அதற்காக ஒவ்வொரு முறையும் பிடியைத் தளர்த்தி ஆள்காட்டி விரலை வெளியே நகர்த்துகிறேன். உள்ளே இருக்கும் சுவிட்சை இளகியதாக மாற்ற முடியுமா என்று நரசிங்கபுரம் தெருத் தம்பியிடம் கேட்டிருக்கிறேன். வேறொரு பழைய பலகையிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்க்கலாம், சனிக்கிழமை கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்.